டீசல் டேங்க் மேன்ஹோல் மூடி: மூணு தடவை பேக்கிங் மாத்தியும் கசிவு நிக்கல

நாகை_விசைப்படகு:

எல்லாருக்கும் வணக்கம். 20 மீட்டர் ஸ்டீல் போட். இன்ஜின் ரூமில் இடது வலது ரெண்டு பக்கமும் எம்.எஸ். (சாதா இரும்பு) டீசல் டேங்க், ஒவ்வொண்ணும் 2000 லிட்டர். இடது டேங்கில்தான் பிரச்சினை. மேன்ஹோல், அதாவது சுத்தம் பண்ணத் திறக்குற வாய், டேங்கின் முன் சுவரில் இருக்கு, மேலே இல்லை. அளவு சொல்றேன்: டேங்க் உயரம் 1.2 மீட்டர், அகலம் 1.1, நீளம் 1.55. சுவர் 5 மி.மீ. தகடு. மேன்ஹோல் துவாரம் 350 மி.மீ. வட்டம், அதோட மையம் டேங்க் மேல்தட்டிலிருந்து 70 செ.மீ. கீழே. துவாரத்தைச் சுத்தி வெளிப்பக்கம் 10 மி.மீ. கனத்தில் வளையம் வெல்டு பண்ணியிருக்கு. மூடி 5 மி.மீ. தகடு, 430 மி.மீ. விட்டம், 12 எம்10 (10 மி.மீ. தடிமன்) போல்ட். போல்ட் ஓட்டை மையங்கள் வழியாப் போற வட்டம் 390 மி.மீ. விட்டம்.

டேங்க் நிறைய இருக்கும்போது நாளைக்கு ஒரு லிட்டர் வரைக்கும் கசியுது. கால் டேங்குக்கு இறங்கினால்தான் நிக்குது. முதல்ல லாரி டியூபை வெட்டி பேக்கிங் (மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் வைக்கிற கசிவுத் தடுப்பு) போட்டோம், ஒரு மாசத்தில் உப்பி வெளியே பிதுங்கிடுச்சு. அடுத்து சிவப்பு சிலிக்கோன் மட்டும். பிறகு டியூபும் சிலிக்கோனும் சேர்த்து. எல்லாம் போச்சு. இறுக்கின இறுக்கில் மூணு போல்ட்டில் மரை தேஞ்சு சும்மா சுத்துது.

மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரைக்கும் இருக்கு, அதுக்குள்ள முடிக்கணும். என் கேள்வி மூணு. எந்தப் பேக்கிங் போடணும்? போல்ட் எண்ணிக்கையைக் கூட்டணுமா? இல்லை, மூடியை அப்படியே வெல்டு பண்ணி அடைச்சிடலாமா?


கடல்மெக்கானிக்:

தம்பி, முதல்ல கசிவு எங்கே ஆரம்பிக்குதுன்னு உறுதி பண்ணுங்க. டீசல் மெல்லிய படலமா ஊர்ந்து போற சரக்கு. மேலே டீசல் மட்டம் காட்டுற கேஜ் ஃபிளாஞ்சிலயோ, இன்ஜினிலிருந்து மிச்ச டீசல் திரும்புற ரிட்டர்ன் லைன் நிப்பிள்லயோ கசிஞ்சு சுவர் வழியா இறங்கி மேன்ஹோல் விளிம்பில் தேங்கும். பார்க்கிறவங்க மூடியைக் குத்தம் சொல்வாங்க.

டேங்க் முக்கால்வாசி இருக்கும்போதே மூடியையும் அதுக்கு மேலே உள்ள சுவரையும் பனியன் வேஸ்ட்டால் நல்லாத் துடைங்க. தின்னர் தொட்டு ஒரு தடவை துடைச்சா எண்ணெய்ப் பசை போயிடும். காய்ஞ்சதும் முகத்துக்குப் போடுற பவுடரை மூடி முழுக்க, போல்ட் தலை எல்லாம் படுற மாதிரி தூவுங்க. ஒரு மணி நேரம் விடுங்க. கசியுற இடத்தில் பவுடர் கருத்துப்போய் தனியாத் தெரியும்.

ரெண்டு விதமாத் தெரியலாம். மூடியின் விளிம்பில், ரெண்டு போல்ட்டுக்கு நடுவில் ஈரம் தெரிஞ்சா பேக்கிங் அந்த இடத்தில் அமுங்கலைன்னு அர்த்தம். போல்ட் தலைக்கு அடியில் வட்டமா ஈரம் தெரிஞ்சா அது பேக்கிங் கோளாறே இல்லை. போல்ட் ஓட்டை வளையத்தையும் சுவரையும் தாண்டி டேங்க் உள்ளே வரைக்கும் திறந்திருக்கு. டீசல் மரையின் புரி வழியாவே ஏறி, மூடி ஓட்டை வழியா வந்து வாஷர் அடியில் எட்டிப் பார்க்குது. அந்தக் கசிவை உலகத்தில் உள்ள எந்தப் பேக்கிங்கும் நிறுத்தாது, ஏன்னா அது பேக்கிங்கைத் தொடாமலே வருது.

கூடவே டேங்குக்குக் காற்று போய்வர்ற வென்ட் பைப்பையும் ஊதிப் பாருங்க. குளவி மண்கூடு கட்டியிருக்கும், பெயிண்ட் அடைச்சிருக்கும். வென்ட் அடைஞ்ச டேங்கில் பங்க் நாசிலால் வேகமா நிரப்பினா உள்ளே அழுத்தம் ஏறி, நல்லா இருக்கிற மூடியையும் கசிய வைக்கும்.


நாகை_விசைப்படகு:

பவுடர் போட்டுப் பார்த்தாச்சு அண்ணே. ரெண்டுமே இருக்கு. அடிப்பக்கம் நாலு போல்ட்டில் தலைக்கு அடியில் ஈரம். விளிம்பில் மூணு இடத்தில் போல்ட்டுக்கு நடுவில். வென்ட் சுத்தமா இருக்கு. மேலே கேஜ் எல்லாம் காய்ஞ்சு கிடக்கு.


பட்டறைக்காரன்:

இந்த அளவைப் பார்த்தாலே காரணம் தெரியுது. 390 மி.மீ. வட்டத்தில் 12 போல்ட்டுன்னா ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் 101 மி.மீ. இடைவெளி. 5 மி.மீ. தகட்டுக்கு இது ரொம்ப அதிகம். நீங்க இறுக்க இறுக்க போல்ட் இருக்கிற இடத்தில் தகடு அமுங்கி, நடுவில் வில் மாதிரி மேலே தூக்கும். அதிகமா இறுக்கினா அதிகமாத் தூக்கும். மரை தேயுற வரைக்கும் இறுக்கியும் நிக்காததுக்கு இதுதான் காரணம்.

டீசல் அழுத்தம் ஒண்ணும் பெரிசு இல்லை. டெக்கில் நிரப்புற கழுத்து, மேன்ஹோல் மூடியின் மையத்திலிருந்து 1.6 மீட்டர் உயரம்னு வச்சுக்கங்க. கழுத்து வரைக்கும் நிரம்பி நின்னா மூடி மேல் விழுறது சுமார் 0.13 பார். 350 மி.மீ. வட்டத்துக்குக் கணக்குப் போட்டா மொத்தம் 130 கிலோ எடைக்குள்ளதான். ஒரே ஒரு எம்10 போல்ட் அதைத் தனியாத் தாங்கும். ஆக, பலம் சேர்க்க இங்கே போல்ட் வேண்டியதில்லை. பேக்கிங்கைச் சுத்திலும் ஒரே அளவில் அமுக்கத்தான் வேணும்.

ரெண்டு வேலை பண்ணுங்க. மூடியை 10 மி.மீ. தகட்டில் புதுசாப் போடுங்க. கனம் ரெண்டு மடங்கானா விறைப்பு எட்டு மடங்கு கூடும். கேஸ் கட்டரில் வெட்டின தகடு சூட்டில் நெளிஞ்சிருக்கும், அதனால லாத்தில் கட்டி பேக்கிங் உட்காருற முகத்தை ஒரு தடவை சமமாச் சீவிக்கங்க. அடுத்து, இருக்கிற ஒவ்வொரு போல்ட்டுக்கும் நடுவில் ஒண்ணு போட்டு 24 ஆக்குங்க. இடைவெளி 51 மி.மீ. ஆயிடும். பழைய மூடியை டெம்ப்ளேட்டா வச்சு, மேல் பக்கம் எதுன்னு பஞ்ச் குறி அடிச்சுட்டு ஓட்டை போடுங்க. கையால் போட்ட வட்டம், ஒரு ஓட்டையாவது தள்ளியிருக்கும், மூடியைத் திருப்பிப் போட்டா பொருந்தாது.

புது ஓட்டைகளை உள்ளே வரைக்கும் துளைச்சுடாதீங்க. வளையம் 10, சுவர் 5, மொத்தம் 15 மி.மீ. இருக்கு. 8.5 மி.மீ. டிரில்லில் ஒட்டுற டேப் சுத்தி அடையாளம் வச்சு, நுனிக் கூம்பையும் சேர்த்து 13 மி.மீ. ஆழத்தில் நிறுத்துங்க. மரை வெட்டுற டேப் கருவி செட்டில், அடிவரைக்கும் வெட்டுற மூணாவதால் முடிங்க. ஏறக்குறைய 9 மி.மீ. மரை கிடைக்கும், இந்த வேலைக்குப் போதும். இங்கே ஒரு பொறி இருக்கு. கடையில் எம்10 போல்ட் 20, 25 மி.மீ. நீளத்தில்தான் சுலபமாக் கிடைக்கும். மூடி 10, வாஷர் 2, அமுங்கின பேக்கிங் 2.4 போக 25 மி.மீ. போல்ட்டில் மீதி 10.6 மி.மீ. உள்ளே போகப் பார்க்கும். ஓட்டை அடியில் முட்டிக்கும். ஸ்பானருக்கு இறுகின மாதிரி இருக்கும், பேக்கிங் அமுங்கியே இருக்காது. 22 மி.மீ.க்கு அறுத்து நுனியை அரத்தால் சீவிட்டுப் போடுங்க.

மரை தேஞ்ச மூணையும் எம்12க்கு மாத்தலாம், 10.2 டிரில். பழைய ஓட்டை எல்லாமே உள்ளே திறந்தது, அதனால அந்த 12 போல்ட்டுக்கும் டவுட்டி வாஷர் போடணும். ஹைட்ராலிக் ஹோஸ் கடையில் கேட்டாத் தருவாங்க, இரும்பு வளையத்துக்குள்ள நைட்ரைல் ரப்பர் ஒட்டியிருக்கும். செம்பு வாஷர் வேண்டாம். செம்பு நசுங்கி அடைக்கிற அளவுக்கு இறுக்கினா அடியில் உள்ள ரப்பர் பேக்கிங் பிதுங்கிடும்.


ரப்பர்கடை:

பேக்கிங் பற்றி மட்டும் சொல்கிறேன்.

லாரி டியூப் பியூட்டைல் அல்லது இயற்கை ரப்பர். காற்றைப் பிடித்து வைக்கச் செய்தது. டீசலில் ஊறி உப்பி மெத்தென்று ஆகிவிடும். ஈபிடிஎம் என்று ஜன்னல், தண்ணீர்க் குழாய்களுக்கு விற்கிற ரப்பரும் அப்படித்தான். பார்க்க நல்ல கறுப்பு ஷீட், டீசலுக்கு ஆகாது. சாதாரண ஆர்டிவி சிலிக்கோன் (காற்றில் தானே உறையும் பசை) இன்ஜினின் ஆயில் தொட்டியான சம்பில் நிற்கும், ஆனால் டீசலில் எப்போதும் மூழ்கிக் கிடந்தால் இளகி இரும்பிலிருந்து உரிந்து வந்துவிடும். உரிந்த துண்டு ஃபில்டர் வரை போகும். அதைவிட மோசம், சிலிக்கோன் பட்ட இரும்பில் வேறு எதுவும் பிறகு ஒழுங்காக ஒட்டாது. பிளேடால் சுரண்டி, எமரியால் தேய்த்து முழுக்க எடுத்தாக வேண்டும்.

வாங்க வேண்டியது நைட்ரைல் ரப்பர் ஷீட், 3 மி.மீ., கடினம் 60 முதல் 65 ஷோர் ஏ (ரப்பரின் கடினத்தை அளக்கிற அலகு). கடையில் "ஆயில் ரெசிஸ்டன்ட்" என்று சொல்லி எதையாவது கொடுத்துவிடுவார்கள். அதனால் ஒரு சோதனை: சரியாக 100 மி.மீ. நீளத் துண்டு வெட்டி இரண்டு நாள் டீசலில் முழுக்கப் போடுங்கள். எடுத்துத் துடைத்து அளந்தால் 105 தாண்டக் கூடாது. நகத்தால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கவும் கூடாது. தாண்டினால் அந்த ஷீட் வேண்டாம்.

விட்டான் ஷீட் இன்னும் நல்லது, ஆனால் விலை பல மடங்கு. வெறும் டீசலுக்கு நைட்ரைல் போதும். எத்தனால் கலந்த பெட்ரோல் வேறு கணக்கு, அதை இங்கே குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கார்க் கலந்த நைட்ரைல் பேக்கிங்குக்கும் ஓர் இடம் உண்டு. ரப்பரைக் கசக்கினால் அதன் கன அளவு குறையாது, பக்கவாட்டில்தான் பிதுங்கும். கார்க் தன்னுள்ளேயே அமுங்கும். அதனால் குறைந்த இறுக்கத்தில் மேடு பள்ளத்தோடு ஒத்துப்போகும். வளையம் சற்றே நெளிந்திருந்தால் 4 மி.மீ. கார்க்-நைட்ரைல் மன்னிக்கும், 3 மி.மீ. வெறும் நைட்ரைல் மன்னிக்காது. ஆனால் கார்க் ஒரு தடவைதான். திறந்தால் புதிது போட வேண்டும்.

வெட்டும்போது ஒரே துண்டாக, 450 மி.மீ. சதுர ஷீட்டிலிருந்து. உள்வட்டம் 352 வைத்து வெட்டுங்கள். துவாரத்துக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ரப்பர் ஊறி உப்பி மற்றதையும் இழுக்கும். போல்ட் ஓட்டைகளை மரக்கட்டையின் குறுக்கு முகத்தில் வைத்து ஹாலோ பஞ்ச்சால் அடியுங்கள், எம்10க்கு 10 மி.மீ. பஞ்ச். மரை ரப்பரைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டும். ரப்பர் பேக்கிங்குக்கு எந்தப் பசையும் பூசாமல் காய்ந்த நிலையில் போடுங்கள். பசையோ கிரீஸோ தடவினால் வழுக்கி வெளியே நகரும். கார்க் போட்டால் மட்டும், உறையாத, டீசல் தாங்கும் கேஸ்கட் காம்பவுண்ட் இரு பக்கமும் மெல்லியதாக.


கப்பல்சர்வே:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, அதுதான் உயிர் சம்பந்தப்பட்டது. மூடியை வெல்டு செய்து அடைக்காதீர்கள்.

ஒரு காரணம் பராமரிப்பு. டேங்கின் அடியில் தண்ணீரும் துருச்சேறும் சேரும், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் கோட்டில் கிருமிச் சளி வளரும். கையை விட்டுத் துடைக்க வழி இல்லாத டேங்க் கடலில் ஃபில்டரை அடைக்கும்.

பெரிய காரணம் தீ. நம் நாட்டு டீசல் தரமான ஐ.எஸ். 1460 கேட்கிற குறைந்தபட்சத் தீப்பற்று வெப்பநிலை (தீப்பொறி பட்டால் ஆவி பற்றும் அளவு) 35 டிகிரி செல்சியஸ்தான். மே மாதத்தில் நாகப்பட்டினத்து இன்ஜின் ரூம் அதைச் சாதாரணமாகத் தாண்டும். அதாவது காலி டேங்குக்குள் தீப்பிடிக்கக்கூடிய ஆவி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெல்டிங் சூடு பட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் டீசலும் துரு அடுக்குக்குள் ஊறியிருப்பதும் புதிதாக ஆவியாகும். நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் ஆபத்தானது. "டீசல்தானே, தீக்குச்சி போட்டாலும் எரியாது" என்ற பேச்சைக் கேட்டு வெல்டிங் வைக்காதீர்கள். கட்டாயம் வெல்டு செய்ய வேண்டிய வேலையாக இருந்தால் டேங்கைக் கழற்றிக் கரைக்குக் கொண்டுவந்து, நீராவி விட்டுக் கழுவி, வாயு அளவி வைத்துப் பார்த்த பிறகுதான்.

டேங்குக்குள் தலையை விடுவதற்கும் இதே கவனம் வேண்டும். மூடிக் கிடந்த இரும்பு டேங்கில் துரு ஆக்சிஜனைத் தின்றிருக்கும், முகர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. குறைந்தது 19.5 சதவீதம் ஆக்சிஜன் இருக்கிறதா என்று அளவியில் பாருங்கள், ஊதுகாற்று நிற்காமல் போகட்டும், வெளியே ஒருவர் கண்ணெடுக்காமல் நிற்கட்டும். உள்ளே இருப்பவர் மயங்கினால் வெளியே நிற்பவர் பின்னாலேயே நுழையக் கூடாது. இரண்டு பேரையும் இழக்க நேரிடும்.

புதிய ஓட்டை துளைப்பதும் தீப்பொறி வேலைதான். டேங்கைக் காலி செய்து, துடைத்து, காற்றோட்டம் கொடுத்த பிறகு, காற்றில் ஓடும் டிரில்லை மெதுவாக ஓட்டுங்கள். நுனியில் கெட்டியாகக் கிரீஸ் பூசினால் சூடும் குறையும், இரும்புத்தூளும் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். துவாரத்துக்குள் துணி அடைத்து மீதித் தூளைப் பிடியுங்கள்.

மரை தேய்ந்ததையும் மரை வழிக் கசிவையும் சேர்த்தே தீர்க்க இன்னொரு வழி உண்டு, எனக்கு அதுதான் சரியாகப்படுகிறது. உள்வளையம். சுவரின் உள்பக்கத்தில் உட்கார, 10 மி.மீ. தகட்டில் 430 வெளி விட்டம், 350 உள் விட்டம் வைத்து ஒரு வளையம். அதில் 24 எம்10 ஸ்டட்களை (தலையில்லாத மரைக்கம்பிகள்) பட்டறையிலேயே நிறுத்தி, அடியைச் சுற்றிலும் முழு வெல்டு. வெல்டிங் எல்லாம் கரையில், படகில் தீ வேலை ஏதும் இல்லை. பிறகு வளையத்தை இரண்டு பாதியாக அறுங்கள், வெட்டு இரண்டு ஸ்டட்டுக்கு நடுவில் வரட்டும். பாதி வளையத்தை முனையை முதலில் விட்டுப் பாம்பு நுழைவது போல 350 துவாரத்துக்குள் விடலாம். அதற்கு முன் உள்பக்கத்துக்கென்று ஒரு நைட்ரைல் பேக்கிங் முழு வட்டமாக, அதை மடக்கி உள்ளே விட்டு விரியுங்கள். ஆக உள்ளே ஒரு பேக்கிங், வெளியே ஒன்று. சுவர் ஓட்டைகளை எல்லாம் 11 மி.மீ. ஆகப் பெரிதாக்கினால் ஸ்டட் தாராளமாக நுழையும், தேய்ந்த மரையைப் பற்றிய கவலையே இல்லை. ஸ்டட்டின் அடி உள்வளையத்தோடு சுற்றிலும் வெல்டாகியிருப்பதால் மரை வழியாக டீசல் ஏற முடியாது. ஸ்டட் நீளக் கணக்கு: உள் பேக்கிங் 2.4, சுவரும் வெளி வளையமும் 15, வெளிப் பேக்கிங் 2.4, மூடி 10, வாஷர் 2, நட் 8 முதல் 10. ஆக 45 மி.மீ. வெளியே நீளட்டும். இரண்டு பாதியிலும் ஒரு ஸ்டட்டில் கம்பி கட்டி வெளியே பிடித்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கை நழுவினால் டேங்க் அடியில் தேட வேண்டியிருக்கும்.


பருத்தித்துறை:

அண்ணை, எங்கட பலநாள் கலத்தில தாங்கி பைபர். மேல்பக்கம் 12 அங்குல வட்ட மூடி. போல்ட்டை பைபருக்குள்ளயே மரை வெட்டிப் பூட்டியிருக்கினம், இப்ப ரெண்டு சும்மா சுத்துது. இந்த உள்வளைய முறை எங்களுக்கும் சரிவருமோ?


கப்பல்சர்வே:

சரிவரும், பைபருக்குத்தான் இன்னும் பொருத்தம். பைபரில் வெட்டிய மரை கண்ணாடி இழையை அறுத்துத்தான் உண்டாகிறது, பல தடவை கழற்றிப் பூட்டினால் பொடியாகிவிடும். எஸ்.எஸ். 316 (துருப்பிடிக்காத எஃகு) தகட்டில் 6 மி.மீ. உள்வளையம், எம்8 ஸ்டட் போதும். மூடி மேலே இருப்பதால் படகு உருளும்போது தெறிப்பதைத்தான் தாங்க வேண்டும். இரும்பில் இல்லாத ஒரு சங்கதி: துவாரத்தின் வெட்டுமுகமும் ஓட்டைகளின் உள்முகமும் பச்சையாக இருந்தால் டீசல் இழை வழியாக உறிஞ்சப்பட்டு வேறு எங்கோ வியர்க்கும். எண்ணெய் போகத் துடைத்து, தேய்த்து, எபாக்சி ரெசின் இரண்டு பூச்சு கொடுத்துக் காய்ந்த பிறகு பூட்டுங்கள். இறுக்கம் இரும்புக்குச் சொல்வதில் பாதி. எஸ்.எஸ். நட் எஸ்.எஸ். ஸ்டட்டில் கடித்துக்கொள்ளும், மரையில் ஆன்ட்டி-சீஸ் பசை தடவுங்கள்.


நாகை_விசைப்படகு:

மூடியைத் திறந்தாச்சு. கீழ் விளிம்புக்கு 32 செ.மீ. உயரம்தான், அதுக்குக் கீழே இறங்குற வரைக்கும் டீசலை வலது டேங்குக்கும் எட்டு பேரலுக்கும் மாத்தினோம், மீதியை அப்புறம் எடுத்தோம். உள்வளையமே போடலாம்னு முடிவு. ஆனா வெளி வளையத்தின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிமிர்த்தி வச்சுப் பார்த்தா அடிப்பக்கத்தில் 1.5 மி.மீ. வெளிச்சம் தெரியுது. வெல்டு பண்ணும்போதே இழுத்திருக்கும்போல. துருக் குழியும் இருக்கு. இதை என்ன பண்றது?


பட்டறைக்காரன்:

3 மி.மீ. பேக்கிங்கில் 1.5 மி.மீ. பள்ளம் அடங்காது. முழு வட்டத்துக்கும் அரை மி.மீ.க்குள் வந்தாகணும். கிரைண்டர் வச்சுத் தேய்ச்சா தீப்பொறி, அதோட கையால் ஓட்டினா இன்னும் அலையாகும். இரும்புத்தூள் கலந்த எபாக்சி பேஸ்ட்டால் முகம் கட்டுங்க. டீசல் தாங்கும்னு டப்பாவில் போட்டிருக்கணும், பாத்திரக் கடையில் விற்கிற, ஓட்டை அடைக்கிற புட்டி வேண்டாம்.

வளையத்தை 60 நம்பர் எமரியால் வெள்ளை இரும்பு தெரியுற வரைக்கும் கையால் தேய்ங்க. பழைய சிலிக்கோன் ஒரு பொட்டு இருந்தாலும் அந்த இடத்தில் ஒட்டாது. அசிட்டோன் தொட்ட புதுத் துணியால் ஒரே திசையில் துடைங்க, துணி கறுக்காம வர்ற வரைக்கும் துணியை மாத்திக்கிட்டே இருங்க. கதவு எல்லாம் திறந்து வச்சுப் பண்ணுங்க. பேஸ்ட்டும் ஹார்டனரும் டப்பாவில் உள்ள விகிதத்தில் நிறுத்துக் கலக்குங்க, கண் மதிப்பில் வேண்டாம். கொஞ்சம் மேடாவே அப்புங்க. புது 10 மி.மீ. மூடியின் முகத்தில் பாலித்தீன் ஷீட்டைச் சுருக்கம் இல்லாம இழுத்து ஒட்டி, வளையம் உயரமா இருக்கிற மூணு இடத்தில் மூடி உட்காருற மாதிரி மெதுவா அமுக்குங்க. நாலு போல்ட் போதும், மரையில் கிரீஸ் பூசி விரலால் இறுக்குங்க. ஸ்பானர் தொட்டா மூடி வளைஞ்சு அந்த வளைவு அப்படியே அச்சாயிடும். ஒரு நாள் விட்டுக் கழட்டினா மூடியின் முகம் வளையத்தில் இறங்கியிருக்கும். உள் விளிம்பில் பிதுங்கினதை அரத்தால் எடுங்க, இல்லாட்டி உடைஞ்சு டேங்கில் விழும். ஓட்டைகளை அதுக்கு அப்புறம் 11 மி.மீ. டிரில்லால் திறங்க.

உள்சுவர் முகத்தையும் கையால் தடவிப் பாருங்க. வெல்டு சொட்டு ஏதாவது இருந்தா உள்பேக்கிங் அதில் ஏறி உட்காரும்.

இறுக்குறதுக்கு டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பானர்) இருந்தா மூணு சுத்தா: 4, 8, 12 நியூட்டன் மீட்டர். எதிரெதிரா, சிலுவை மாதிரி மாத்தி மாத்தி. பக்கத்து பக்கத்து நட்டை வரிசையா இறுக்கினா ரப்பரை ஒரு பக்கமாத் தள்ளிக்கிட்டே போவீங்க. ரெஞ்ச்சை விட நம்பிக்கையான அளவு மூடிக்கும் வளையத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. ஃபீலர் கேஜ் இலைகளைச் சேர்த்து, ரப்பர் கொஞ்சம் உள்வாங்கியிருக்கிற எட்டு இடத்தில் அளங்க. எல்லா இடத்திலும் 2.4 பக்கம் நிக்கணும், ஒண்ணுக்கொண்ணு 0.2க்கு மேல் வித்தியாசம் வேண்டாம், 2.2க்குக் கீழே போகவே கூடாது. ரெண்டு பேக்கிங் இருக்கிறதால மறுநாள் எல்லா நட்டும் தளர்ந்த மாதிரி இருக்கும். ரப்பர் படியுது, அவ்வளவுதான். 24 மணி நேரம் கழிச்சு ஒரு சுத்து 12ல் சரிபார்த்துட்டு விட்டுடுங்க.


நாகை_விசைப்படகு:

நிரப்பி வச்சுத்தான் சோதிக்கணுமா? 2000 லிட்டரை ஊத்தி, கசிஞ்சா மறுபடி இறக்கணும். கம்ப்ரசர் காற்று கொடுத்துப் பார்க்கலாமா?


கப்பல்சர்வே:

கம்ப்ரசரை நேராக இணைக்காதீர்கள். உங்கள் டேங்கின் பக்கச் சுவர் 1.55க்கு 1.2 மீட்டர். வெறும் 0.13 பார் கொடுத்தாலே அந்தச் சுவர் மேல் கிட்டத்தட்ட இரண்டரை டன் விழும். கேஜ் முள் அசைவதற்குள் கம்ப்ரசர் அதைத் தாண்டிவிடும், டேங்க் பீப்பாய் போல உப்பி வெல்டு கிழியும்.

தண்ணீர்க் குழாய் முறையில் செய்யலாம். மூன்றரை மீட்டர், உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயை யு வடிவில் தொங்கவிட்டுப் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, ஒரு முனையை வென்ட்டில் மாட்டுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். டீசல் கழுத்து வரை 1.6 மீட்டர் நின்றால் வரும் அழுத்தம் 1.33 மீட்டர் தண்ணீருக்குச் சமம். அதனால் இரண்டு கைகளுக்கும் உள்ள மட்ட வித்தியாசம் 1.33 வந்ததும் நிறுத்தினால் உண்மையான சுமையைக் கொடுத்தாயிற்று. அதிகமாகப் போனால் தண்ணீர் மறுமுனை வழியாகத் துப்பிவிடும், டேங்குக்கு ஒன்றும் ஆகாது. அதுவே பாதுகாப்பு வால்வு. காற்றைக் கால் பம்பில் கொடுங்கள். காலி டேங்குக்கு 250 லிட்டருக்கு மேல் காற்று வேண்டும், பொறுமையாக மிதிக்க வேண்டியதுதான். சப்ளை, ரிட்டர்ன் வால்வுகளை மூடி, நிரப்பும் கழுத்தில் மூடியைப் போட மறக்காதீர்கள்.

அழுத்தம் ஏறியதும் நட், விளிம்பு எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். குமிழி இல்லாமல் மட்டம் மட்டும் மாறினால் பதறாதீர்கள். உள்ளே காற்று ஒரு டிகிரி சூடேறினால் மட்ட வித்தியாசம் கிட்டத்தட்ட 4 செ.மீ. கூடும், ஆறினால் அதே அளவு குறையும். அதனால் விடியற்காலையில், டெக்கில் வெயில் படுவதற்கு முன் செய்யுங்கள். அரை மணி நேரம் போதும்.

முதல் தடவை நிரப்பும்போது மூடிக்கு அடியில் ஒரு தட்டு வையுங்கள். பாதி, முக்கால், முழுசு என்று மூன்று கட்டமாக நிரப்பி, ஒவ்வொன்றிலும் பவுடர் தூவிப் பாருங்கள். பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) ஏற்கெனவே தேங்கிய டீசலைத் துறைமுகத்துத் தண்ணீரில் பம்ப் அடிக்காமல் மரத்தூள் போட்டு உறிஞ்சி வாளியில் அள்ளிக் கரைக்குக் கொண்டுபோங்கள்.


கடல்மெக்கானிக்:

தம்பி, டேங்க் திறந்திருக்கும்போதே சப்ளை பைப்பின் உறிஞ்சு முனை அடித்தட்டிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்குன்னு அளந்து மூடியின் உள்முகத்தில் பஞ்ச்சால் வெட்டி வச்சிடுங்க. அடியில் வடிகட்டும் காக் அடைச்சிருந்தா அதையும் இப்பவே குத்தி எடுங்க. வலது டேங்கும் அதே கைவேலைன்னா அதே 12 ஓட்டை, அதே 5 மி.மீ. மூடிதான் இருக்கும். அதில் இன்னும் கசியலைன்னாலும் பவுடர் போட்டு ஒரு தடவை பாருங்க. ஈரம் தெரிஞ்சா பட்டறையில் உள்வளையத்தை ரெண்டு செட்டாவே போடச் சொல்லிடுங்க, தகடு ஒரே ஷீட்டில் வெட்டிக்கலாம்.